மாற்றிச் சொன்ன முகம்

14 ஜூன் 1972, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இந்த வருஷமும் மூன்றாம் வகுப்புதான். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். கூரை ஒழுகுகிற மூலையில் இருந்தவர்களை முன்னால் நகர்த்தி நெருக்கி உட்காரவைத்தேன். முதல் நாளே தொண்டை கட்டிக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் நாலு ஜோடி செருப்பு. நினைவுச் சின்னக் குழுவாம். தலைவர் மாணிக்கவாசகம் சார், ஓய்வு பெற்ற தாசில்தார். செவிலிமேடு போகிற சாலையில் புதிதாகப் போட்டிருக்கும் பூங்காவில் ஒரு போர்வீரர் சிலை வைக்கப் போகிறார்களாம். போன டிசம்பர் சண்டையில் இந்த ஊர் கொடுத்த உயிருக்கு ஞாபகார்த்தமாக. அந்த உயிர் என் வீட்டுக்காரர். பட்டாளத்து நாயக் சிட்டிபாபு.

"வீரத் திருமகன்" என்று சார் ஆறு முறை சொன்னார். எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெட்டியிலிருந்து தந்தியை எடுத்து வந்து காட்டினேன். "காணவில்லைன்னுதான் சார் இருக்குது. ஆறு மாசமா இந்த ஒரு வார்த்தையத்தான் படிச்சுக்கினு இருக்கேன். செத்தார்னு எங்க இருக்குது?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதில்லம்மா, சர்க்கார் பாஷையில..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவரைப் பெற்ற அத்தை உள்ளே ராட்டினத்தில் தறிக்காரர் வீட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டினம் நின்றது. "உசுரோட இருக்கறவனுக்கு சிலை வெச்சா ஆயுசு கொறையும்பா. எழுந்து போயி வேற வேலயப் பாருங்க" என்றாள். காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினோம்.

17 ஜூன்

நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். கறுப்புக் கரை கட்டி நடுவில் அவர் பெயர். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே ஒன்று. பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கிழித்தேன்.

25 ஜூன், ஞாயிறு

இன்று நான் செய்தது சரியா? எழுதி வைத்தால்தான் யோசிக்க முடியும்.

நேற்று மாணிக்கவாசகம் சார் சொல்லி அனுப்பினார். நான் முகத்துக்கு அடையாளம் தராவிட்டால் என் வீட்டுக்காரருடைய சிநேகிதர்களைக் கேட்டுச் செய்துகொள்வார்களாம். சிலை எப்படியும் வரும். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் பிடித்தது. கூடப் படித்தவர்கள் சொன்னால் அச்சாக அவர் முகமே வந்துவிடும். அதைவிட நானே சொல்லிவிடலாம், சிலை செய்கிறவரை வரச் சொல்லுங்கள் என்றேன்.

போட்டோ கிடையாது. ஜனவரியில் டெல்லிக்கு மனு எழுதினபோது, சண்டையில் பிடிபட்ட கைதிகளில் இந்த முகம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, எங்கள் கல்யாணப் போட்டோவில் அவர் பாதியை மட்டும் கத்தரித்து அதனோடு அனுப்பினேன். பிரதி எடுக்கத் தோன்றவில்லை. என் முட்டாள்தனம். வீட்டில் இருப்பது மாலை போட்டுக்கொண்டு நிற்கிற நான் மட்டும்.

காலையில் சிற்பி வந்தார். வேணுகோபால் என்று பெயர். கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்கிறவர், இப்போது சிமெண்டிலும் செய்கிறாராம். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. ஒரு பலகைமேல் தலையளவு களிமண்ணைப் பிசைந்து கொண்டுவந்திருந்தார். "நீங்க வாயால சொல்லுங்கம்மா, நான் கையால புடிச்சுக்கறேன். பாக்காத சாமியெல்லாம் அப்படித்தானே செஞ்சேன்" என்றார்.

நெற்றியை ஒழுங்காகத்தான் சொன்னேன். மூக்குக்கு வந்ததும் நாக்கு புரண்டது. அவருக்குச் சப்பை மூக்கு. நான் எடுப்பான மூக்கு என்றேன். அதற்கப்புறம் கூசவில்லை. ஒடுங்கின கன்னத்தைச் சதைப்பிடிப்பு என்றேன். தாடை அகலம் என்றேன். முன்பல் ஒன்று முந்திக்கொண்டிருப்பதால் அவருக்கு மேலுதடு கொஞ்சம் தூக்கியே இருக்கும், தூங்கும்போதும் சிரிக்கிற மாதிரி. வாயை இறுக்க மூடியிருப்பார் என்றேன். மூன்றாம் வகுப்பில் இத்தனை பொய் சொன்னால் முட்டி போட வைப்பேன்.

அவர் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறவர் முகத்தை நான் எப்படிக் கொடுப்பேன்? யாரோ ஒருத்தனுக்குச் சிலை வைத்துக்கொள்ளட்டும், அவர் ஆயுசுக்குக் குறை வேண்டாம்.

கடைசியில் வேணுகோபால் அத்தையைக் கூப்பிட்டார். "பெத்தவங்க நீங்க ஒரு வார்த்த சொல்லணும்." அத்தை கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"என் புள்ளயேதாம்பா" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? கண் அவ்வளவு மங்கிவிட்டதா? ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டு அவளும் என்னைப் பார்க்காமலே சாப்பிட்டாள்.

5 ஜூலை

சிம்லாவில் ஒப்பந்தம் ஆகிவிட்டதாம். தலைமையாசிரியை அறையில் பேப்பரை வரி விடாமல் படித்தேன். கைதிகள் எப்போது வருவார்கள் என்று தெளிவாக ஒன்றும் இல்லை. ஆனால் வருவார்கள். வந்துதானே ஆகவேண்டும்?

20 ஆகஸ்ட், ஞாயிறு

என் மகள் லோகாவை அழைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். இரண்டு வயது முடிந்துவிட்டது, ஓடுகிறவளைப் பிடிக்க முடியவில்லை. அப்பாவை அவள் கடைசியாகப் பார்த்தபோது கைக்குழந்தை. 

பீடம் கட்டி, கம்பி நிறுத்தி, கழுத்து வரை உடுப்பு வந்துவிட்டது. கழுத்துக்கு மேல் சாக்குக் கட்டியிருந்தார்கள். வேணுகோபால் சாரத்திலிருந்து இறங்கி வந்து சாக்கை விலக்கிக் காட்டினார். நான் சொன்னதெல்லாம் இருந்தது. கண் இருக்கிற இடம் மட்டும் மழமழவென்று மூடிக் கிடந்தது.

"கண்ணு கடைசியிலதாம்மா. சாமியானாலும் மனுசனானாலும் எங்களுக்கு ஒரே மொறை. கண்ண தெறந்துட்டா அப்புறம் உருவத்துமேல கருவி படக்கூடாது. அதனால எல்லாத்தையும் சரிபாத்துட்டுத்தான் தெறப்போம்."

"தெறக்கறதுக்கு முன்னாடி என்ன வேணா மாத்தலாமா?"

"மூக்கையே எடுத்துட்டு வேற வெக்கலாம்." வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

கைதிகள் வந்து சேருகிற வரைக்கும் கண்ணைத் திறக்காதீர்கள் என்று கேட்டேன். என்ன ஏது என்று கேட்காமல் தலையை ஆட்டினார். நல்ல மனுஷன். இவரிடமா பொய் சொன்னேன்!

6 நவம்பர்

தீபாவளி கழிந்தது. லோகாவுக்கு மட்டும் புதுசு. அத்தை அவருக்கென்று ஒரு வேட்டி வாங்கி, மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். வந்து கட்டிக்கொள்வாராம்.

2 டிசம்பர், சனி

வந்துவிட்டார்கள்! ரேடியோவில் சொன்னார்கள், நேற்று எல்லை தாண்டி நம் ஆட்கள் வந்துவிட்டார்களாம். எதிர்வீட்டுப் பட்டம்மாள்தான் ஓடி வந்து சொன்னாள். அத்தை தெருவில் நின்று கும்பிடுகிறாள், எந்தத் திசை என்று தெரியாமல் நாலு பக்கமும். அவர் பெயர் இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

9 டிசம்பர், சனி

லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டு போனேன். பட்டாளத்தார் குடும்பங்களுக்கென்று இருக்கிற ஆபீசில் பட்டியல் வந்திருந்தது. குமாஸ்தா விரலை வைத்து இரண்டு முறை மேலிருந்து கீழ் பார்த்தார். மூன்றாம் முறை நானே பார்த்தேன்.

இல்லை.

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போனவங்க பேரு தனியா வரும்னு சொல்றாங்கம்மா. கொஞ்சம் பொறுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா? பஸ் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அத்தையிடம், இன்னொரு பட்டியல் இருக்கிறது என்றேன்.

17 டிசம்பர், ஞாயிறு

வேணுகோபால் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே பேசினார். குடியரசு தினத்தன்று திறப்பு என்று குழு முடிவு செய்துவிட்டதாம். இதற்குமேல் அவரால் தள்ளிப்போட முடியாது.

"கைதிங்க வந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம வீட்ல... சரி, நான் கேக்கல. கண்ணு தெறக்கப் போறேம்மா. மொகத்துல எதுனா மாத்தணும்னா இப்ப சொல்லிடுங்க."

தெரிந்துதான் கேட்டாரா? தெரிந்துதான் கேட்டிருப்பார்.

சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. நிஜ மூக்கைச் சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரர் போய்விட்டார் என்று நானே சொன்னதாக ஆகும். ஆஸ்பத்திரிப் பட்டியல் இன்னும் வரவில்லை. ஒருவேளை அதில் இருந்துவிட்டால்? நானே வாயைத் திறந்து அவரைக் கொன்றதாக ஆகாதா? கதவுக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள், அவள் மூச்சு கேட்டது.

"ஒண்ணும் மாத்த வேணாம்" என்றேன்.

26 ஜனவரி 1973, வெள்ளி

திறந்துவிட்டார்கள். பேண்டு, பந்தல், சாரணர் பிள்ளைகள், சர்க்கரைப் பொங்கல் எல்லாம். என்னையும் அத்தையையும் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். துணியை இழுத்ததும் கைதட்டல். சிலை நன்றாகவே இருந்தது. அதுதான் கொடுமை. எடுப்பான மூக்கும் அகன்ற தாடையுமாக ஒரு அழகான ஆள் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கீழே என் வீட்டுக்காரர் பெயர். அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள். "சிமெண்டுல இப்படித்தான் வரும்போல" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மாலை போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஆசிரியைக்குக் கர்வம் என்று பேசியிருப்பார்கள், பேசட்டும்.

11 பிப்ரவரி, ஞாயிறு

என்ன எழுதுவது? எழுதத்தான் வேண்டும்.

பதினோரு மணிக்கு ஒருவர் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். ஐயம்பேட்டையாம், பெயர் கண்ணாயிரம். என் வீட்டுக்காரரோடு பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் இருந்தவர். சண்டையில் பிடிபட்டு, டிசம்பரில் வந்து, போன வாரம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். "அண்ணி" என்று கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தேன். என் வீட்டுக்காரரைப் பற்றி நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கடவுளே, அந்தத் தண்ணீரைச் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

"வூடு தெரியாம பார்க்குல குந்திக்கினு இருந்தேன் அண்ணி. அந்த சிலைக்குக் கீழ சிட்டி பேரு போட்டிருக்குது. மேல யாரு அண்ணி நிக்கறது?"

அவரே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். சண்டை தொடங்கி நாலாம் நாள். வாய்க்கால் கரை. குண்டு விழுந்தபோது கண்ணாயிரம் பத்தடி தள்ளி இருந்தாராம். ஓடிப்போய் என் வீட்டுக்காரரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாராம். விடியற்காலையில் எதிராளிகள் இவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது உடலை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதாகிவிட்டது.

"ரொம்ப நேரம் இல்ல அண்ணி. கண்ண நாந்தான் மூடுனேன். லெட்டர்ல எழுதறதுக்கு மனசு வரல."

அத்தை அவர் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள், இந்தக் கைதானே மூடியது என்று. அப்புறம்தான் அழுதாள். தெருவே கூடிவிட்டது.

நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். அத்தை பின்னாலேயே வந்தாள். "மூக்க நீ மாத்தி சொன்னப்பவே எனக்குத் தெரியும்மா. எம்புள்ள மூக்கு எனக்குத் தெரியாதா? நானும் அதத்தான் நெனச்சேன். வேற எவனோவா இருக்கட்டும், இவன் தப்பிச்சுக்குவான்னு..." இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றினோம். யாரை ஏமாற்றினோம்? அவர் போய் ஒன்றரை வருஷம் — இல்லை, பதினாலு மாசம். கணக்குக்கூட வரமாட்டேன் என்கிறது. மனு எழுதினபோதே அவர் இல்லை. களிமண்ணில் மூக்கு பிடித்தபோதே இல்லை.

12 பிப்ரவரி

காலையில் கை பழக்கத்தில் குங்குமச் சிமிழுக்குப் போயிற்று. திறக்காமல் வைத்துவிட்டேன்.

4 மார்ச், ஞாயிறு

கருமாதி முடிந்து முதல் முறையாக வெளியே போனேன். அத்தையும் நானும் வேணுகோபால் வீட்டுக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கே நெனச்சேன். மூக்கு சொல்றப்ப உங்க கண்ணு கீழ பாத்துச்சு" என்றார்.

முகத்தை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கண்ணு தெறந்தாச்சேம்மா. தெறந்த மொகத்துல உளி வெச்சா அது சித்தரவதை. எங்க அப்பன் பாட்டன் யாரும் செய்யல, நானும் செய்யமாட்டேன். வேணும்னா மொத்தமா எடுத்துட்டு வேற செய்யலாம். குழுக்கிட்ட நான் பேசறேன். ஆனா ஒடைக்க நீங்க வாய தெறந்து சரின்னு சொல்லணும்."

சரி என்றேன். வேகத்தில் சொல்லிவிட்டேன். அவர் உடனே களிமண் எடுத்து வந்தார். "இப்ப நெசத்த சொல்லுங்க."

சப்பை மூக்கு என்றேன். அவர் கட்டைவிரலால் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் என்றேன். அத்தை, "அவ்ளோ இல்ல, அது அவங்க அப்பன் மூக்கு" என்றாள். மேலுதட்டைச் சொன்னேன். எந்தப் பக்கத்துப் பல் முந்திக்கொண்டிருக்கும் என்று கேட்டார். இடது என்றேன் நான். வலது என்றாள் அத்தை. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கல்யாணம் ஆகி ஐந்து வருஷத்தில் மொத்தமாக ஒன்பது மாதம் கூட இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவேண்டாமா? கண்ணை மூடிப் பார்த்தேன். பீடத்தில் நிற்கிறவன்தான் வந்தான். கண்ணாயிரம் ஒரு குரூப் போட்டோ கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதையும் காட்டினேன். மூன்றாவது வரிசையில் கடுகளவு முகம், தொப்பி நிழல் வாய் வரைக்கும் விழுந்திருக்கிறது.

மத்தியானம் வரைக்கும் மூன்று முறை பிடித்துப் பிடித்து அழித்தார். கடைசியில் அத்தைதான் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "விடுப்பா. ஒருத்தனப் பறிகுடுத்துட்டு வந்திருக்கோம். இன்னொருத்தன எதுக்கு ஒடைக்கணும்?"



21 ஜூன் 1974, வெள்ளி

போட்டோவைத் திருப்பிக் கேட்டு எழுதினதற்கு டெல்லியிலிருந்து பதில். என் மனுவோடு போட்டோ எதுவும் இல்லையாம். குண்டூசி குத்தினேனா? உறைக்குள் வைத்தேனா? வைத்தேன் என்றுதான் இரண்டரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு முழுக்கத் தேடினேன். அரிசிப் பானைக்கு அடியில்கூட.

அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் சிலைக்குப் பூ கொண்டுபோகிறாள். இன்று நான் சீறி விழுந்தேன், அது யாரென்று நினைத்துப் பூ வைக்கிறீர்கள் என்று. அவள் நிதானமாகப் பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னாள்: "யாரு பெத்த புள்ளயோ. நம்ம புள்ள பேர வெச்சிக்கினு வெயில்ல நிக்கிறான். போனா போவுதுன்னு ரெண்டு மொழம் வெக்கறேன்."

9 நவம்பர் 1975, ஞாயிறு

மூன்று நாளாக அடைமழை. மத்தியானம் கொஞ்சம் விட்டதும் லோகா தெருப் பிள்ளைகளோடு பூங்காவுக்கு ஓடிவிட்டாள். ஐந்து வயது. நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடி கொட்ட ஆரம்பித்தது. முழுக்க நனைந்துபோய் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா நனையறாரு. கொடை எடுத்துக்கினு வா."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அது உன் அப்பா இல்லை என்று சொல்லிவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படியென்றால் அப்பா எப்படி இருப்பார் என்று கேட்பாள். நான் என்ன சொல்வேன்? அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "சீக்கிரம்மா, ஜுரம் வந்துரும்."

குடையை எடுத்துக்கொண்டு போனேன். கீழே நின்று பிடித்தால் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. "மேல, மேல" என்று கத்தினாள். பீடத்தில் ஏறி, ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தலைக்குமேல் குடையைப் பிடித்தேன். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. மூக்கு நுனியில் நீர் சொட்டியது. முந்தானையால் துடைத்துவிட்டேன். சாலையில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மழை விட அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.